சிற்றிதழின் சேமிப்பை எந்த சி.எம்.எஸ்ஸிடம் ஒப்படைக்கலாம்?

திறந்த மூல சி.எம்.எஸ் (இணையதள உள்ளடக்கத்தை நிர்வகிக்கும் மென்பொருள்) ஒன்றைத் தேடுபவர்கள் பெரும்பாலும் அதன் டெமோவைப் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். டெமோவில் தலைப்புகள் சிறியவை, படங்கள் அழகானவை, எல்லாம் ஆங்கிலம். நம் பத்திரிகையில் வரப்போவது அதுவல்ல. ஆகவே வேர்ட்பிரஸ், ட்ரூபல், கோஸ்ட் மூன்றையும் மடிக்கணினியில் நிறுவி, ஒரு சிற்றிதழின் பழைய இதழ்களிலிருந்து நீளத் தலைப்புக் கட்டுரை, அடிக்குறிப்புள்ள ஆய்வு, தொடர், வரி பிரிந்த கவிதை என்று தொல்லை தரக்கூடியவற்றையே ஏற்றிப் பார்த்தேன். மூன்றும் இலவசம், மூன்றின் நிரலும் யாரும் படிக்கத் திறந்தே இருக்கிறது. தமிழை உள்ளே ஏற்றும்போதும், பிறகு வெளியே எடுக்கும்போதும்தான் வித்தியாசம் தெரிகிறது.

முதலில் முகவரி. வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்தே கட்டுரையின் முகவரியை உண்டாக்குகிறது. அதற்குத் தரவுத்தளத்தில் 200 இடங்கள். ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். சதவீதக் குறிகளோடு முகவரியில் எழுதும்போது 9 இடங்களை எடுத்துக்கொள்கிறது. 'கா' நமக்கு ஓர் எழுத்து; கணினிக்கு ககரமும் துணைக்காலும் தனித்தனி, ஆக 18 இடங்கள். 'கரிசல் காட்டு விவசாயிகளின் வாழ்க்கை' என்று தலைப்புக் கொடுத்தால் முகவரி 'கரிசல்-காட்டு-விவசாயிகளி' என்பதோடு நின்றுவிடுகிறது. 200 அங்கேயே தீர்ந்துவிட்டது.

தொடர்களில் இது இன்னும் மோசம். பகுதி எண் தலைப்பின் கடைசியில் இருப்பதால் அதுவும் வெட்டுப்படுகிறது. எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே முகவரி வந்து நிற்க, வேர்ட்பிரஸ் அவற்றுக்கு 2, 3 என்று வால் சேர்த்துப் பிரிக்கிறது. அந்த எண் வெளியிட்ட வரிசையைப் பொறுத்தது. நான்காம் பகுதியை இரண்டாவதாக ஏற்றினால் அதன் முகவரியில் 2 என்றுதான் இருக்கும். வாசகர்கள் பகிர்ந்த பிறகு முகவரியை மாற்றுவது நல்லதல்ல என்பதால், இதைத் தொடக்கத்திலேயே பார்த்தாக வேண்டும். ஒவ்வொரு படைப்புக்கும் குறுகிய முகவரியைக் கையால் தட்டச்சு செய்வதே தீர்வு. கோஸ்ட் தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்துக்கு மாற்றிவிடுகிறது. அங்கும் கைவேலை தப்பாது.

அடுத்தது தேடல். தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், இந்தச் சோதனையைச் செய்யாமல் எதையும் தேர்ந்தெடுக்கக் கூடாது. வேர்ட்பிரஸின் தேடல் எளிமையானது: கொடுத்த எழுத்துத் தொடர் எங்கே இருந்தாலும் பிடிக்கும். 'மதுரை' என்றால் 'மதுரையில்', 'மதுரைக்கு' எல்லாம் கிடைக்கும். 'மரம்' என்று தேடினால் 'மரத்தடி' கிடைக்காது. 'மர' என்று சுருக்கித் தேட வேண்டும். ட்ரூபலில் உள்ளமைந்த தேடல் முழுச் சொற்களை அட்டவணையிட்டு வைத்துக்கொள்கிறது. அதனால் 'மதுரை' என்று தேடுபவருக்கு 'மதுரையில்' என்று மட்டுமே உள்ள கட்டுரை வராது. இதற்கு வேறு தேடல் பொறியை இணைக்க வழி உண்டு, ஆனால் அதைச் செய்யத் தெரிந்த ஆள் வேண்டும்.

ட்ரூபலின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. அதில் 'இதழ்', 'எழுத்தாளர்', 'மொழிபெயர்ப்பாளர்' என்று தனித்தனி உள்ளடக்க வகைகளை அமைத்து ஒன்றோடொன்று இணைக்கலாம். ஒருவர் எந்தெந்த இதழ்களில் எழுதினார், எந்த மொழியிலிருந்து என்னென்ன மொழிபெயர்க்கப்பட்டன என்ற பட்டியல்களை வியூஸ் என்ற வசதி ஒரு வரி நிரல் எழுதாமல் தருகிறது. ட்ரூபல் 8 முதல் அது மையத்திலேயே வருகிறது. ஒரு சிற்றிதழின் முப்பது, நாற்பது ஆண்டு உழைப்பைத் தொகுக்க இதைவிடப் பொருத்தமான கட்டமைப்பை நான் பார்த்ததில்லை. பல்கலைக்கழகமோ பெரிய நூலகமோ பின்னால் இருந்தால் யோசிக்காமல் இதையே சொல்வேன்.

பின்னால் யாரும் இல்லாதபோதுதான் தயக்கம். 2014 அக்டோபர் 15 அன்று ட்ரூபல் 7-இல் ஒரு கடுமையான பாதுகாப்பு ஓட்டையும் அதற்கான திருத்தமும் அறிவிக்கப்பட்டன. அறிவிப்பு வந்த 7 மணி நேரத்துக்குள் திருத்தம் போடாத தளங்கள் ஊடுருவப்பட்டதாகவே கருதிக்கொள்ள வேண்டும் என்று அதன் பாதுகாப்புக் குழு அந்த மாத இறுதியில் தெரிவித்தது. இந்திய நேரப்படி அது இரவு 9.30-இலிருந்து அதிகாலை 4.30 வரை. குழு வெளிப்படையாகப் பேசியது மதிக்கத்தக்கது. ஆனால் ஆசிரியரும் இரண்டு நண்பர்களும் நடத்தும் பத்திரிகையில் அந்நேரம் யார் விழித்திருப்பார்கள்? வேர்ட்பிரஸ் 2013-இல் வந்த 3.7 பதிப்பிலிருந்தே சிறு பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகப் போட்டுக்கொள்கிறது. நமக்கு இது மற்ற எல்லா வசதியையும்விடப் பெரியது.

ட்ரூபல் 7-இலிருந்து 8-க்குப் போவதும் சாதாரண அப்டேட்டாக இருக்கவில்லை. 2015-இல் வந்த 8, சிம்ஃபனி சட்டகத்தின் மேல் புதிதாகக் கட்டப்பட்டது. பழைய தளங்கள் ஏறத்தாழ வீடு மாற வேண்டியிருந்தது. மாற முடியாதவர்கள் ஏராளம் என்பதால் 7-இன் ஆதரவு பலமுறை நீட்டிக்கப்பட்டு 2025 ஜனவரி 5-இல்தான் முடிந்தது. 8-க்குப் பிந்தைய மாற்றங்கள் மிகவும் எளிது.

கோஸ்ட் எழுதுவதற்கு மூன்றிலும் இனிமையானது. லாப நோக்கற்ற அறக்கட்டளை நடத்துகிறது, எம்ஐடி உரிமம். ஆனால் நோட் ஜேஎஸ்ஸில் ஓடுவதால் மலிவான பொது ஹோஸ்டிங் பெரும்பாலும் போதாது. சந்தா வசூலுக்கு அது நம்பியிருக்கும் ஸ்ட்ரைப், 2024 முதல் இந்தியாவில் புதிய கணக்குகளை அழைப்பின் பேரில் மட்டுமே தருகிறது. சந்தாவை நம்பும் தமிழ்ப் பத்திரிகைக்கு இந்த ஒன்றே தடையாகிவிடுகிறது.

வெளியே எடுப்பதை நான் கடைசியில் சோதித்தாலும் அதற்கே அதிக மதிப்பெண் வைக்கிறேன். வேர்ட்பிரஸின் ஏற்றுமதிக் கோப்பில் எழுத்து, ஆசிரியர் பெயர், வகைகள் எல்லாம் எக்ஸ்எம்எல் வடிவில் ஒழுங்காக வருகின்றன. படங்கள் வருவதில்லை, அவற்றின் முகவரிகள்தான் வருகின்றன. புதிய தளம் அந்த முகவரிகளுக்குப் போய்ப் படங்களை எடுத்துக்கொள்ளும். பழைய ஹோஸ்டிங் காலாவதியாகியிருந்தால் எடுக்க ஒன்றும் இருக்காது. கோஸ்டின் ஜேசான் கோப்பிலும் படங்கள் இல்லை. படக் கோப்புறையைத் தனியே நகலெடுத்து வைப்பது கட்டாயம்.

இன்னொரு சோதனை: பக்கத்தை அலங்கரிக்கும் பிளகினை நிறுத்திவிட்டுக் கட்டுரையைத் திறந்து பாருங்கள். சில பிளகின்கள் போகும்போது உரை முழுக்கச் சதுர அடைப்புக் குறிகளை விட்டுச் செல்கின்றன. 2018 டிசம்பரில் வந்த 5.0 முதல் வேர்ட்பிரஸில் உள்ள பிளாக் எடிட்டர் தன் அடையாளங்களை எச்டிஎம்எல் குறிப்புகளாக மறைத்து வைப்பதால், உரை அப்படியே படிக்கும்படி மிஞ்சுகிறது.

மென்பொருள் யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2024 செப்டம்பரில் வேர்ட்பிரஸ் நிறுவனர்களில் ஒருவரான மேட் முல்லன்வெக்குக்கும் டபிள்யூபி எஞ்சின் நிறுவனத்துக்கும் மோதல் வெடித்தது. அந்த நிறுவனத்தின் தளங்களுக்கு அதிகாரபூர்வ பிளகின் களஞ்சியம் அடைக்கப்பட்டது. அதன் பிரபலமான பிளகின் ஒன்றும் அக்டோபரில் களஞ்சியத்தில் வேறு பெயரில் எடுத்துக்கொள்ளப்பட்டது. டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் அணுகலைத் திருப்பித் தர இடைக்கால உத்தரவிட்டது. நிரல் திறந்திருக்கலாம், அப்டேட் வரும் கதவு ஒருவரின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மறுபக்கம், நிரலை யாரும் எடுத்துத் தனியே வளர்க்கலாம் என்று சொல்லும் வேர்ட்பிரஸின் ஜிபிஎல் உரிமம் காகிதத்தில் மட்டும் இருப்பதல்ல: கைவிடப்பட்ட பி2 என்ற மென்பொருளிலிருந்து 2003-இல் கிளைத்ததே வேர்ட்பிரஸ்.

என் பரிந்துரை வேர்ட்பிரஸ்தான், ஒரு நிபந்தனையோடு: அலங்காரப் பிளகின் வேண்டாம், பேக்கப் எடுப்பது போன்ற தேவைக்கு மட்டும் சில போதும். பேஜ்மேக்கர் கால எழுத்துருக்களில் கிடக்கும் பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி, பிழை திருத்தி முடித்த பின்பே ஏற்றத் தொடங்குங்கள். முதல் கட்டுரையை வெளியிடுமுன் ஒரு பத்துக் கட்டுரைகளை ஏற்றுமதி செய்து, படக் கோப்புறையோடு வேறொரு கணினியில் இறக்கிப் பாருங்கள். அங்கே கவிதையின் வரிகள் உடையாமலும் அடிக்குறிப்புகள் இடம் மாறாமலும் வந்தால், டொமைனுக்குப் பணம் கட்டலாம். அந்த டொமைனை, தளத்தை வடிவமைத்துத் தருபவரின் பெயரில் அல்ல, பத்திரிகையின் பெயரில் பதிவு செய்யுங்கள்.