விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு

டிவியில் படம் ஓடும்போது மலை முகடு வானத்தைத் தொடும் இடத்தைக் கவனியுங்கள். முகட்டை ஒட்டி மெல்லிய வெள்ளைக் கோடு ஓடுகிறதா? வெயில் செய்த வேலை அல்ல அது. எடிட்டிங் அறையிலோ உங்கள் டிவியிலோ 'ஷார்ப்னெஸ்' கை மீறிப் போயிருக்கிறது.

கண்ணுக்கு மை தீட்டினால் கண் வளர்வதில்லை. விளிம்பு கருத்ததும் பெரிதாகத் தோன்றுகிறது. ஷார்ப்பன் செய்வதும் அப்படித்தான். படத்தை மங்கலாக்கி ஒரு நகல் எடுப்பார்கள். அதை அசலிலிருந்து கழித்து, மிஞ்சியதை அசலோடு கூட்டுவார்கள். இருளும் ஒளியும் சந்திக்கும் இடத்தில் இருள் இன்னும் கருக்கும், ஒளி இன்னும் வெளுக்கும். 'அன்ஷார்ப் மாஸ்க்' எனும் இந்த முறை ஃபிலிம் இருட்டறையில் பிறந்தது. கேமராவில் பதியாத நுணுக்கத்தை இது கொண்டுவராது. ஃபோகஸ் தவறிய ஷாட்டையும் காப்பாற்றாது.

கூர்மை கை மீறியதா என்று இனி எங்கே பார்ப்பது?

முதலில் முகம். இமைமுடி ஒவ்வொன்றாகத் தெரியலாம்; கன்னம் சொரசொரக்கக் கூடாது. படத்தின் நிறத்தைச் சீர்செய்யும் தேர்ந்த கலரிஸ்ட், கண்களை மட்டும் தனியே பிரித்துக் கூர்மையாக்கி, சருமத்தைத் தொடாமல் விடுவார்.

அடுத்து இருட்டு. இரவுக் காட்சியின் நிழலில் புள்ளிகள் கொதிக்கின்றனவா? அதுதான் நாய்ஸ். புடவை இழைக்கும் நாய்ஸுக்கும் உள்ள வேறுபாடு ஷார்ப்பன் செய்யும் கருவிக்குத் தெரியாது, இரண்டையும் தூக்கிக் காட்டும். அதனால்தான் நாய்ஸை முதலில் குறைத்துவிட்டு, கூர்மையைக் கடைசியில் சேர்க்கிறார்கள்.

பிறகு அசைவு. விநாடிக்கு 24 ஃபிரேம், 180 டிகிரி ஷட்டர் (ஃபிரேம் நேரத்தில் பாதி திறந்திருப்பது) என்றால் ஒரு ஃபிரேம் 1/48 விநாடி ஒளி வாங்குகிறது. ஓடுகிறவர் கை அதற்குள் கலங்கிவிடும். அந்தக் கலங்கல்தான் ஓட்டம். அதன் ஓரத்தைக் கெட்டியாக்கினால் ஓட்டம் வெட்டி வெட்டித் தெரியும்.

கெட்ட உதாரணம் பார்க்க விரும்பினால், 'ஸ்டார் வார்ஸ்: தி ஃபேண்டம் மெனஸ்' படத்தின் 2001 டிவிடி இருக்கிறது. ஆட்களைச் சுற்றிய வெள்ளை விளிம்புக்காகவே அது பேசப்பட்டது.

கடைசியாக வீட்டிலேயே ஒரு பயிற்சி. டிவியின் ஷார்ப்னெஸை மெல்லக் குறையுங்கள். பல டிவிகளில் பூஜ்யமும், சிலவற்றில் நடு அளவும்தான் 'எதுவும் சேர்க்காத' நிலை. செய்திச் சேனலில் ஓடும் எழுத்தைச் சுற்றிய கோடு மறையும் இடத்தில் நிறுத்துங்கள். முதலில் படம் மங்கியதாகத் தோன்றும். அரைமணி நேரம் அப்படியே பாருங்கள். பிறகு பழைய அளவுக்கே கூட்டுங்கள்: இத்தனை நாள் தெரியாத கோடு, இப்போது மலையைப் பார்க்கும் முன்பே கண்ணில் படும்.