விற்கப்போகும் வீட்டுக்கு டைல்ஸ் எதற்கு?

பெற்றோர் காலத்துக்குப் பின் திருவெள்ளறை வீட்டை விற்றுவிடலாம் என்று சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வரும் பிள்ளைகளின் காதில் முதலில் விழுவது இந்த யோசனைதான்: "ஒரு மூணு லட்சம் போட்டு வீட்டைப் பளிச்சுனு ஆக்கிடுங்க, விலை தன்னால ஏறும்." ஸ்ரீரங்கம் உத்தர வீதிகளிலும் இதே பேச்சு. முழுப் பொய் என்று தள்ள முடியாது. தளம் ஒழுகி, உத்திரத்தில் கரையான் ஏறிய வீட்டைப் பார்க்கிறவர், கண்ணில் படாத பழுதுக்கும் சேர்த்தே விலையைக் குறைப்பார். வங்கிக் கடனுக்காக மதிப்பிட வரும் பொறியாளரும் கட்டடத்தின் நிலையைப் பார்த்துத்தான் எழுதுவார். ஒழுகலை அடைப்பதற்குச் செலவழித்த பணம் வீண்போகாது.

அதற்கு மேல் போகும்போதுதான் கணக்கு இடிக்கிறது. இங்கே வாங்க வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு ரகம். ஒருவர் மனைக்காக வாங்கி, வீட்டை இடிக்கப்போகிறவர். உங்கள் புது டைல்ஸ் அவருக்கு வெறும் செங்கல் சல்லி. இன்னொருவர் ஓய்வுபெற்று, புண்டரீகாட்சப் பெருமாள் சன்னிதியருகே குடியிருக்க வருகிறவர். அவர் தேடி வருவதே திண்ணையையும் ரேழியையும் முற்றத்தையும்தான். முற்றத்தை ஷீட் போட்டு மூடி, திண்ணையை இடித்துக் கார் நிறுத்த வழி செய்தபின் அவருக்கு அங்கே என்ன இருக்கிறது? உள்ளதைக் கெடுக்காமல் கொல்லைக்கடைசிக் கழிப்பறைக்குப் பதிலாக வீட்டுக்குள் ஒரு வெஸ்டர்ன் டாய்லெட் கட்டினால், மூட்டுவலிக்காரர் அதற்காகவே விலை கொடுப்பார்.

சுவர் விஷயம் இன்னும் மோசம். பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்தால் ஓதம் உள்ளேயே தங்கி, அடுத்த மழைக்குள் உப்பிக்கொண்டு வரும். ஓதத்தை மறைக்கவே பெயிண்ட் அடிப்பவர்களும் உண்டு. சாதாரணக் கவனத்தில் தெரியாத முக்கியக் குறையை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆம் பிரிவு. இப்படிப்பட்ட 'புதுப்பித்த' வீட்டைவிட, வெள்ளைகூட அடிக்காத வீடு நேர்மையானது.

வரியிலும் சலுகை குறைவு. அறை கூட்டிக் கட்டியது போன்ற மேம்பாட்டுச் செலவை மூலதன ஆதாயத்தில் கழிக்கலாம். பெயிண்டுக்கும் சில்லறைப் பழுதுக்கும் பொதுவாக அந்த வசதி கிடையாது.

விலையை உண்மையில் அடித்து வீழ்த்துவது பத்திரம்தான். தாத்தா பெயரிலேயே நிற்கும் பட்டா, கையெழுத்துப் போடாத ஒரு வாரிசு, இவற்றை எந்த மேஸ்திரியும் சரிசெய்ய முடியாது. ஸ்ரீரங்கத்தில் அடிமனை கோயிலுடையதா குடியிருப்பவருடையதா என்ற பிரச்சினை பல வருடங்களாக ஓடுகிறது. கோயில் சொத்து என்று பதிவாகியிருந்தால், உரிய அனுமதி இல்லாமல் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின்படி பத்திரத்தை ஏற்கவே மாட்டார்கள். கிரானைட் போட்ட சமையலறை அங்கே செல்லாது.

ஆகவே மேஸ்திரிக்கு முன்பணம் கொடுக்கும் முன் வில்லங்கத்தைப் போட்டுப் பாருங்கள். பதிவுத் துறை இணையதளத்தில் அதைப் பார்க்கக் கட்டணம்கூட இல்லை.