மாணிக்கம் காடிக்குள் ஒரு பாட்சா

கிள்ளானில் மைவி ஓட்டுகிற பையனிடம் 1970 டாட்ஜ் சார்ஜரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முன்பக்க கிரில் எப்படி இருக்கும், பானெட்டுக்கு மேலே எது துருத்திக்கொண்டு நிற்கும் என்று விடாமல் சொல்லுவான். அந்தக் காடியை அவன் நேரில் பார்த்தே இருக்க மாட்டான். பார்த்ததெல்லாம் திரையில்தான். 'சினிமா பார்த்து வந்த கிறுக்கு' என்று இதைத் தள்ளிவிடுவது சுலபம். நான் வாசித்த மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளில் பலவும் அதைத்தான் செய்கின்றன. சத்தம் போடுகிற காடி வந்தால் கூடவே குண்டர் கும்பல் வரும், கடைசிப் பத்தியில் விபத்து வரும். அந்தப் பையன் எதற்காக அந்தச் சத்தத்தை விரும்பினான் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

முதலில் 'மசல் கார்' என்றால் என்ன என்று பார்ப்போம். அது பணக்காரர்களின் ஸ்போர்ட்ஸ் கார் இல்லை. 1964 மாடலுக்காக போன்டியாக்கில் ஜான் டெலோரியனும் சகாக்களும் டெம்பெஸ்ட் என்ற நடுத்தரக் குடும்பக் காடியை எடுத்து, பெரிய காடிகளுக்கென்று இருந்த 6.4 லிட்டர் வி8 இஞ்சினை அதற்குள் வைத்தார்கள். அந்த அளவு உடம்புக்கு அவ்வளவு பெரிய இஞ்சின் கூடாது என்பது தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் விதி. அதனால் தனி மாடல் என்று சொல்லாமல், வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம் என்கிற 'ஆப்ஷன்' ஆக விற்றார்கள். அதுதான் ஜிடிஓ. அதே ஆண்டு ஏப்ரலில் வந்த ஃபோர்ட் மஸ்டாங்கின் ஆரம்ப விலை 2,368 டாலர். தொழிற்சாலையில் வேலை செய்கிற இளைஞன் கடன் போட்டு வாங்கக்கூடிய விலை.

வெளியே சாதாரண ஆள், உள்ளே யாருக்கும் தெரியாத பலம். இந்தக் கதை நமக்குப் புதுசா என்ன? 1995-இல் 'பாட்சா'வாக வந்ததும் இதுதானே. ஆட்டோ ஓட்டும் மாணிக்கத்துக்குள் வேறொருவன் இருக்கிறான் என்பதில்தான் அந்தப் படத்தின் மொத்தச் சுகமும் இருக்கிறது. மசல் கார் உலோகத்தில் செய்த மாணிக்கம். மதிக்கப்படாத இடத்தில் நிற்பவனுக்குத்தான் இந்தக் கதை அதிகம் தேவைப்படுகிறது.

சத்தத்துக்கு வருவோம். நான் இயந்திரப் பொறியியல் படித்தவன், அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நான்கு சிலிண்டர் இஞ்சின் ஒவ்வொரு 180 பாகைக்கும் ஒருமுறை வெடிக்கும். தாளம் சீராக இருக்கும். அமெரிக்க வி8-இலும் மொத்தமாகப் பார்த்தால் 90 பாகைக்கு ஒருமுறை, சீர்தான். ஆனால் இடது பக்க நான்கை மட்டும் தனியாகக் கேட்டால் இடைவெளி 90, 180, 270, 180 என்று மாறிமாறி வரும். வலது பக்கமும் அப்படியே. எக்சோஸ் குழாயில் நமக்குக் கேட்பது இந்தத் தடுமாற்றம்தான். உறுமி மேளத்தில் குச்சி தோலைத் தேய்த்து இழுத்துவிட்டு அடியில் விழுகிறதே, என் காதுக்கு அதற்குப் பக்கத்தில் இருக்கிற சத்தம் இது. தைப்பூசத்தில் உறுமி கேட்டு வளர்ந்தவனுக்கு வி8 ஏன் பிடிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

'புல்லிட்' (1968) படத்தை எடுத்தவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ துரத்தல் தொடங்கியதும் பின்னணி இசை நின்றுவிடும். அதற்குப் பிறகு மஸ்டாங்கும் சார்ஜரும் மட்டும்தான் பேசும். 2001-இல் வந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் த ஃபியூரியஸ்' இன்னொன்றைச் சேர்த்தது. டாமினிக்கின் சார்ஜர் அவன் அப்பாவோடு சேர்ந்து கட்டியது. அதை ஓட்ட அவனுக்கே பயம். அப்பா விட்டுப்போன பலம், தொட்டால் தன்னையே கொன்றுவிடுமோ என்கிற பயம். நம் பையன்கள் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கு ஜப்பான் காடிகளின் வண்ண விளக்குகள் மட்டும் காரணமில்லை.

ஏனென்றால் நம் அப்பாக்களும் தாத்தாக்களும் இயந்திரங்களோடுதான் வாழ்ந்தார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ், கிள்ளான் துறைமுகத்தில் கிரேன், தோட்டத்தில் லாரியும் டிராக்டரும். ஓட்டினார்கள், பழுது பார்த்தார்கள், எண்ணெய் துடைத்தார்கள். எதுவும் அவர்களுடையது இல்லை. 1985-இல் புரோட்டோன் சாகா வந்த பிறகு பல குடும்பங்களுக்கு முதல் சொந்த இயந்திரம் அதுதான். மகன் அதைத் திறந்து உள்ளே கை வைக்கிறான் என்றால், அதில் திமிர் இருக்கலாம். கூடவே முதல் தலைமுறை உரிமையும் இருக்கிறது. வீராவுக்குள் 'ஹாஃப்-கட்'டிலிருந்து எடுத்த மிட்சுபிஷி இஞ்சினை இறக்குகிற கிள்ளான் போமன் செய்வதும், 1964 மாடலுக்காக டெலோரியன் செய்ததும் ஒரே வேலை. டெலோரியன் சொந்த நிறுவனத்தின் விதியைச் சுற்றிப் போனார். நம் போமன் ஜேபிஜே அனுமதியையும் புஸ்பாகோம் சோதனையையும் தாண்ட வேண்டும். பலர் தாண்டாமலே ஓட்டுகிறார்கள் என்பதும் உண்மை.

அதனால்தான் இன்றைய மஸ்டாங் எனக்கு ஒரு பொய்யாகத் தெரிகிறது. நல்ல காடிதான், சந்தேகமில்லை. வலது பக்க ஸ்டியரிங்கோடு 2016-இல் இங்கே அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வந்தது. ஆனால் தீபகற்பத்தில் 1.3 லிட்டர் சாகாவுக்கு வருஷ ரோட்டெக்ஸ் 70 ரிங்கிட், அந்த 5.0 லிட்டர் மஸ்டாங்குக்குச் சுமார் 10,900 ரிங்கிட். ஏழை வீட்டு உடம்பில் ஒளிந்திருந்த பலம், பணக்கார வீட்டு வாசலில் நிற்கிற நினைவுப் பொருளாகிவிட்டது. டாட்ஜ் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. மின்சார சார்ஜருக்கு வி8 மாதிரி உறுமுகிற செயற்கைச் சத்தம் வைத்திருக்கிறார்கள். உறுமி இல்லை, உறுமி ரிங்டோன்.

இதையெல்லாம் சொல்வதால் பழைய காடிகளைக் கோயிலில் வைத்துக் கும்பிடச் சொல்லவில்லை. அறுபதுகளின் மசல் கார்கள் நேர்க்கோட்டில்தான் வீரர்கள். பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். வேகமாகப் போய் நாலு தடவை மிதித்தால் சூடேறிப் பிடி தளர்ந்துவிடும். ஓடுவதற்கு யோசித்த அளவு நிற்பதற்கு யோசிக்கவில்லை. 'வானிஷிங் பாயின்ட்' (1971) இதை நேராகச் சொன்ன படம். வெள்ளை சேலஞ்சரில் டென்வரிலிருந்து கிளம்பும் கோவால்ஸ்கி கடைசியில் சாலையை மறித்து நிற்கும் புல்டோசர்களில் போய் மோதுகிறான். ஏன் என்று படம் சொல்வதில்லை. கூட்ட நெடுஞ்சாலையில் இரவு இரண்டு மணிக்கு விழுந்து கிடக்கிற நம் பையன்களைப் பற்றியும் யாரும் 'ஏன்' சொல்வதில்லை. 'வேகம்' என்று மட்டும் எழுதி முடித்துவிடுகிறோம்.

புல்டோசர் எல்லா நேரமும் கண்ணுக்குத் தெரியும்படி நிற்பதும் இல்லை. சில சமயம் அது ஒன்பது வருஷக் காடிக் கடனாக இருக்கும். சம்பளத்தில் பாதியை மாதாமாதம் அங்கே கட்டிவிட்டு, வாடகைக்கு அம்மாவிடம் கை நீட்டுகிறவனை எனக்குத் தெரியும். அவனிடம் காடியைப் பற்றிக் கேட்டால் கண் விரியும். கடனைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு முழு நாவல் கிடக்கிறது.

அதை எழுதப் போகிறவருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அந்தக் காடிக்குப் பெயர் வையுங்கள். என்ன இஞ்சின், எந்தப் போமன் இறக்கினார், எத்தனை மாசம் காசு சேர்த்தான், முதல்முறை ஸ்டார்ட் பண்ணும்போது பக்கத்தில் யார் நின்றார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். விபத்து வந்துதான் ஆக வேண்டும் என்றால் வரட்டும். அதற்கு முன்னால் அவன் சந்தோஷமாக இருந்த பத்துப் பக்கத்தை எங்களுக்குக் கொடுங்கள்.