விடியாத வானில் பதினேழு மணி நேரம்

பெர்த்திலிருந்து லண்டனுக்கு எங்கும் இறங்காமல் போனேன் என்றால், “ஐயோ, அவ்வளவு நேரம் எப்படி உட்கார்ந்தாய்?” என்கிறார்கள். எனக்கோ எழுந்து வரவே மனமில்லை!

சுமார் 14,500 கிலோமீட்டர். பதினேழு மணி நேரத்துக்கும் மேல். 2018 மார்ச் 24 அன்று குவான்டாஸ் இந்த நேரடிச் சேவையைத் தொடங்கியது. அதே நிறுவனம் 1947இல் சிட்னியிலிருந்து லண்டனுக்கு விமானம் விட்டபோது, ஊர் ஊராக இறங்கி ஏறிப் போய்ச்சேர நான்கு நாள் பிடித்ததாம்.

இருட்டிய பிறகு கிளம்பினோம். மேற்கே பறக்கப் பறக்க இரவும் கூடவே வந்தது. தூங்கினேன், விழித்தேன், படம் பார்த்தேன், மறுபடி தூங்கினேன். வெளியே அதே இருட்டு. ஹீத்ரோவில் இறங்கியபோதும் விடிந்திருக்கவில்லை. இவ்வளவு நீண்ட இரவை வேறு எங்கே போய் வாங்குவது?

உடம்பும் அலுக்கவில்லை. விமானம் போயிங் 787-9. அதன் உடல் கார்பன் இழைக் கலவையால் ஆனது என்பதால் உள்ளே காற்றழுத்தத்தைச் சற்றுக் கூடுதலாக வைக்க முடிகிறது. பழைய விமானங்கள் பலவற்றில் 8,000 அடி உயரத்தில் இருப்பது போன்ற அழுத்தம். இதில் 6,000 அடி. அதாவது, நுவரெலியாவில் உட்கார்ந்திருப்பது போல.

நுவரெலியாவைச் சும்மா இழுக்கவில்லை. உலக உருண்டை ஒன்றில் பெர்த்துக்கும் லண்டனுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடியுங்கள். இலங்கை மலையகத்தின் மேல் ஏறி, மதுரைக்குப் பக்கமாக வந்து, கோவா அருகே அரபிக்கடலில் இறங்கும் அந்த நூல்! காற்றையும் மூடிக்கிடக்கும் வான்பரப்பையும் பார்த்து விமானம் விலகிப் போகும்தான். இருந்தாலும் திரையில் இலங்கை தெரிந்ததும் பக்கத்து இருக்கைக்காரரை எழுப்பாத குறை.

ஏனென்றால் அந்த வழிக்கு ஒரு முன்கதை உண்டு. இரண்டாம் உலகப்போரில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனபின், 1943 முதல் 1945 வரை, பெர்த்தின் சுவான் ஆற்றிலிருந்து இலங்கையின் காலி நகருக்கு அருகே உள்ள கொக்கல ஏரிக்கு குவான்டாஸின் கேட்டலினா கடல்விமானங்கள் பறந்தன. 27 முதல் 33 மணி நேரம் வரை ஆகும். எரிபொருள் சுமையால் மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற முடியாது. எதிரி காதில் விழாதபடி வானொலியை அடக்கிவிட்டு, நட்சத்திரம் பார்த்து வழி கண்டார்கள். நடுவானில் இரண்டு சூரியோதயம் பார்த்ததால் ‘இரட்டை உதயம்’ என்றே அதற்குப் பெயர். அவர்கள் பட்ட பாட்டை நான் போர்வைக்குள், தேநீரோடு, ஏறக்குறைய ஏழு மணி நேரத்தில் கடந்தேன். கொடுத்துவைத்தவன்!

திரும்பும்போது மேல்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் அரை மணி நேரத்துக்கு மேல் மிச்சமாகிறது. மற்றவர்களுக்கு அது லாபம். நான் அதே காசைக் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் குறைவாகப் பறந்தேன்.