துப்பாக்கியும் புருஷ லட்சணமும்

உத்தியோகம் புருஷ லட்சணம் என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். அதற்கும் முந்தின காலத்தில் யுத்தம்தான் புருஷ லட்சணமாக இருந்தது. புறநானூற்றில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் கிழவி, மகன் புறமுதுகிட்டான் என்று கேள்விப்பட்டுப் போர்க்களத்துக்கே போய்ப் பிணங்களைப் புரட்டுகிறாள். அவன் ஆண்பிள்ளையாகச் செத்தானா என்று சான்று சொல்ல வேண்டியவள் அவள். மேடைகளில் இன்றைக்கும் அவளுக்குக் கைதட்டுகிறோம். ஆனால், அந்த மகன் திரும்பி வந்து எழுதிய கதை நம்மிடம் இல்லை.

ஈழத்து யுத்தத்துக்குப் போய் மீண்டவர்கள் எழுதினார்கள். ஷோபாசக்தியின் 'கொரில்லா'வையும் (2001) தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' என்ற சுயசரிதையையும் (2016) இங்கே போளூரில் அடுத்தடுத்துப் படித்தேன். (இந்த மலையில் மழை பிடித்துக்கொண்டால் படிப்பதைத் தவிர வேறு காரியமில்லை.) அப்படிப் படித்ததால்தான் ஒரு வித்தியாசம் கண்ணில் பட்டது.

ஷோபாசக்தி இளம் வயதில் புலிகள் இயக்கத்தில் இருந்து, பிறகு விலகி, பிரான்ஸில் அகதியானவர். அவருடைய ரொக்கிராஜின் தகப்பன் ஊரறிந்த சண்டியர். கொரில்லா என்பது அவருக்கு ஊர் வைத்த பட்டப்பெயர். அந்தப் பெயரிலிருந்து தப்பி ஓடுகிற பையன் இயக்கத்தில் போய்ச் சேருகிறான். தமிழில் வாலில்லாக் குரங்குக்கும் மறைந்திருந்து தாக்கும் போராளிக்கும் ஒரே எழுத்துத்தானே! வீட்டுச் சண்டித்தனமும் களத்து வீரமும் அப்படித்தானோ என்று நம்மைக் கேட்க வைக்கிறார். அதுவும் சிரிக்கச் சிரிக்க.

தமிழினிக்குச் சிரிப்பு வரவில்லை. 1991ல் இயக்கத்தில் சேர்ந்து மகளிர் அரசியல் பிரிவின் பொறுப்பாளரானவர். 2009ல் கைதாகி, சிறையும் புனர்வாழ்வு முகாமும் கண்டு 2013ல் விடுதலையானவர். 2015 அக்டோபரில் புற்றுநோயில் காலமானார். புத்தகம் அதன் பிறகே வெளிவந்தது. பல இடங்களில் நடை அறிக்கை மாதிரி வறண்டிருப்பது, கதை எழுதுகிற எனக்கு ஒரு மனக்குறை. ஆனாலும் ஆயுதம் பெண்களை வீராங்கனைகளாக்கியதே ஒழிய, பெண்ணைப் பற்றிய ஊரின் எண்ணத்தை மாற்றவில்லை என்று அவர் உணர்ந்து சொல்லும்போது அந்த வறட்சியே பொருத்தமாகிவிடுகிறது.

வீரத்தைக் கேலி செய்ய ஆண் எழுத்தாளனுக்குச் சௌகரியம் உண்டு. தோற்றுத் திரும்பினாலும் வீட்டில் அவனுக்கு ஒரு நாற்காலி இருக்கும். துப்பாக்கி பிடித்த பெண்ணுக்குக் கிடைத்த மரியாதையோ இரவல் நகை. யுத்தம் முடிந்ததும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். ஆணின் தழும்பு விருது. பெண்ணின் தழும்பு வரன் அமையத் தடை. சிதைந்து கிடந்த மகனைக் கண்டு, பெற்றபோதைவிட மகிழ்ந்தாளே அந்தக் கிழவி, அங்கே கிடந்தது மகளாக இருந்தால் என்ன செய்திருப்பாள்? நம் வீர மரபில் அவளுக்கென்று ஒரு பாட்டு இல்லை.

சோவியத் படையில் போரிட்ட பெண்களின் வாய்மொழியை ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச் 1985ல் நூலாக்கினார். ஜெயித்த நாடு அது. அங்கேயும் ஊர் திரும்பியவர்களில் சிலர், கல்யாணமாக வேண்டுமே என்று, போர்முனைக்குப் போனதையே மறைத்திருக்கிறார்கள். நம்மவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சிவகாமி. அந்தப் பெயருக்குள் அவரும் ஒதுங்கியிருக்கலாம். புத்தகத்தின் அட்டையில் இருப்பது தமிழினி.