சாயம் போனது, உப்பு போகவில்லை

திருப்பூர் நொய்யலைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் முதலில் நிறத்தைத்தான் சொல்வார்கள். ஒருநாள் சிவப்பாக ஓடும், ஒருநாள் நீலமாக, இன்னொரு நாள் கத்தரிப்பூ நிறத்தில். தொண்ணூறுகளிலிருந்து இன்றுவரை நொய்யல் பற்றி வந்த பத்திரிகைப் புகைப்படங்களை வரிசையாக அடுக்கினால் ஒரு ஷேடு கார்டே தயாராகிவிடும். இலக்கியமும் இதை முன்கூட்டியே பார்த்தது. சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ நாவல் 1998இல் வந்தது. சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது 2011இல். இடையில் பதின்மூன்று வருஷம். எழுத்து சட்டத்துக்கு முன்னால் போய் நின்ற அரிதான தருணங்களில் அதுவும் ஒன்று.

ஆனால் அந்த நிறம் நம் கண்ணில் ஆழமாகப் பதிந்ததற்கு ஒரு விலையும் கொடுத்திருக்கிறோம் என்பது என் தரப்பு. நிறம் தெரிந்தால் மாசு, நிறம் போனால் தீர்வு என்று ஒரு கணக்கு நமக்குள் உட்கார்ந்துவிட்டது. நொய்யல் கரையின் விவசாயத்தை அழித்ததில் முதல் பங்கு எதற்கு என்று கேட்டால், அதற்கு நிறமே கிடையாது. அது உப்பு. புகைப்படத்தில் விழாது. தண்ணீரில் கரைந்துவிட்டால், வாயில் வைத்துப் பார்க்கிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

சாயத்தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். பருத்தித் துணியைத் தண்ணீரில் நனைத்தால் அதன் மேற்பரப்பு எதிர்மின் தன்மை பெறுகிறது. இன்று பனியன் துணிக்குப் பயன்படும் ரியாக்டிவ் சாயங்களும் தண்ணீரில் எதிர்மின் தன்மை கொண்டவை. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிடும். இந்தப் பகையைத் தணிக்கத்தான் உப்பு. கல்லுப்பாகவோ கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட்டாகவோ கொட்டுவார்கள். சோடியம் நடுவில் நின்று சமாதானம் பண்ணிவைக்க, சாயம் துணியை நெருங்கும். பிறகு சோடா சாம்பல் சேர்த்ததும் சாயம் துணியோடு வேதிப்பிணைப்பாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டாத சாயம் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிவிடும். அதை அலசி எடுப்பதற்குத்தான் தண்ணீரில் பெரும்பகுதி செலவாகிறது.

கவனிக்க வேண்டியது ஒன்று. சாயத்தில் பாதிக்கும் மேல் துணியில் தங்கிவிடும். உப்பு தங்குவதே இல்லை. வாங்கிக் கொட்டிய உப்பு முழுக்க, வேலை முடிந்ததும் கழிவுநீரில் இருக்கிறது. தரகர் மாதிரி. கல்யாணத்தை முடித்துவைத்துவிட்டு வெளியே போய்விடுகிறது.

இப்போது எளிய ஒரு பெருக்கல். அடர்ந்த ஷேடு, உதாரணமாகக் கறுப்புக்கு, லிட்டருக்கு 80 கிராம் வரை உப்பு போடுவது வழக்கம். பழைய வின்ச் மெஷினில் ஒரு கிலோ துணிக்கு 20 லிட்டர் வரை தண்ணீர் நிற்கும். 20ஐ 80ஆல் பெருக்கினால் 1,600 கிராம். ஒரு கிலோ துணியைக் கறுப்பாக்க ஒன்றரைக் கிலோவுக்கு மேல் உப்பு! துணியைவிட உப்பு அதிகம். அதே துணியை 1:6 விகிதத்தில் ஓடும் சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் போட்டால் 480 கிராம். அதே மெஷினில் லிட்டருக்கு 20 கிராம் உப்பு போதுமான ஒரு வெளிர் நிறம் என்றால் 120 கிராம். ஊர் ஒன்றுதான், துணி ஒன்றுதான். மெஷினும் ஷேடும் மாறியதில் உப்பு பதிமூன்றில் ஒரு பங்காகிவிட்டது.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஒரத்துப்பாளையத்துக்கு வரலாம். நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டி முடித்த பாசன அணை அது. சில வருஷங்களிலேயே திருப்பூரின் சாயக்கழிவு தேங்கும் குளமாகிப் போனது. ‘தண்ணி தொறந்து விடுங்க’ என்று கேட்க வேண்டிய கடைமடை விவசாயிகள், ‘தயவுசெஞ்சு தொறக்காதீங்க’ என்று கேட்க வேண்டிவந்த அணை. சோடியம் மண்ணில் சேர்ந்தால் களிமண் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் கால்சியத்தை வெளியேற்றிவிடும். துகள்கள் பிரிந்து மண்ணின் துளைகளை அடைத்துக்கொள்ளும். மண் இறுகிப்போகும், மழை பெய்தாலும் உள்ளே இறங்காது. வேரைச் சுற்றித் தண்ணீர் இருந்தும் பயிர் தாகத்தில் வாடும். இதைப் புத்தகத்தில் படிக்க வேண்டிய அவசியம் அங்கே யாருக்கும் இருக்கவில்லை. ‘டி.டி.எஸ். எவ்வளவுங்க?’ என்பது அந்தக் கிராமங்களில் மழை எவ்வளவு என்று கேட்பதுபோல ஆகிவிட்டது. கரைந்திருக்கும் மொத்த உப்பின் அளவு அது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்த வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். நகரத்துக்காரன் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது விவசாயி எண்ணைப் பார்த்தான்.

அந்த எண்தான் வழக்கையும் நடத்தியது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கத்தின் வழக்கில் 2006இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் ‘மாசுபடுத்தியவனே ஈடு செய்ய வேண்டும்’ என்ற கொள்கையை உறுதி செய்தது. சொட்டுக்கழிவும் வெளியே விடாத பட்டறைகள் மட்டுமே ஓடலாம் என்ற நிலைக்கு வந்து, 2011 ஜனவரியில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப்பட்டறைகள் மூடப்பட்டன. வேலை பக்கத்து மாவட்டங்களுக்குக் கைமாறியது. மாநில அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. மெல்ல மெல்லப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ முறைக்கு மாறின.

இது சாதாரண காரியமில்லை. இவ்வளவு பெரிய ஒரு சாயத்தொழில் நகரம் தன் கழிவுநீரைச் சுத்தப்படுத்தித் தானே திரும்ப எடுத்துக்கொள்கிறது. உலகம் திருப்பூரை உதாரணம் காட்டுவதில் நியாயம் உண்டு. கழிவுநீரை நுண்ணுயிர் கொண்டு சுத்திகரித்து, ஆர்.ஓ. சவ்வுகளில் அழுத்தி, பெரும்பகுதியை நல்ல தண்ணீராக மீட்கிறார்கள். காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து விலைகொடுத்து வாங்கும் ஊரில் அது பொருளாதார ரீதியாகவும் புத்திசாலித்தனம்தான்.

என் விமர்சனம் அந்த ‘ஜீரோ’ என்ற சொல்லின் மேல். பொறியியல் முதல் வருஷத்தில் சொல்லிக்கொடுக்கும் பாடம், உள்ளே போன நிறை வெளியே வர வேண்டும் அல்லது உள்ளேயே தங்க வேண்டும் என்பது. ஆர்.ஓ. தண்ணீரைப் பிரித்த பிறகு மிஞ்சும் ரிஜெக்ட்டில் அத்தனை உப்பும் இருக்கிறது. அதை விறகு எரித்து எவாப்பரேட்டரில் சுண்டக் காய்ச்சுகிறார்கள். சோடியம் சல்பேட்டில் ஒரு பகுதியைச் சுத்தமாகப் பிரித்து மீண்டும் பட்டறைக்கே விற்க முடிகிறது. அருள்புரம் நிலையத்தில் செய்ததுபோல உப்புக் கரைசலையே திரும்பச் சாயத்தொட்டிக்கு அனுப்பும் வழியும் இருக்கிறது. அருமையான வேலை. ஆனால் குளோரைடும் கார்பனேட்டும் கரிமக் கசடும் கலந்த கலப்பு உப்பை யாரும் வாங்குவதில்லை. அது மூட்டை கட்டி ஷெட்டுக்குள் அடுக்கப்படுகிறது. ஆற்றுக்குப் போகவில்லை, உண்மை. காணாமலும் போகவில்லை. மென்பொருளில் ஒரு பிழையைத் திருத்தாமல், அது காட்டும் எச்சரிக்கையை மட்டும் வேறொரு கோப்புக்குத் திருப்பிவிடுவதுபோல. திரை சுத்தமாக இருக்கும், கோப்பு வளர்ந்துகொண்டே போகும்.

அப்படியானால் கேள்வியைக் குழாயின் கடைசியிலிருந்து தொட்டியின் வாசலுக்கு நகர்த்த வேண்டும். உப்பை எப்படி வெளியேற்றுவது என்பதற்கு முன்னால், எதற்கு இவ்வளவு உள்ளே போகிறது?

பதில்கள் புதியவை அல்ல. கோல்ட் பேட் பேட்ச் என்ற பழைய முறையில் சாயமும் காரமும் கலந்த கரைசலில் துணியைத் தோய்த்து, உருளைகளில் பிழிந்து, சுருட்டி மூடி, பல மணி நேரம் அறைவெப்பத்திலேயே வைத்துவிடுவார்கள். உப்பே தேவையில்லை. நெசவுத்துணிக்கு நன்றாக ஒத்துவரும். திருப்பூரின் பின்னலாடைத் துணி இழுத்தால் நீளும், ஓரம் சுருளும், அதனால் சிரமம். சிரமம்தான், முடியாததல்ல. இன்னொரு வழி, பருத்திக்கே முதலில் நேர்மின் தன்மை ஏற்றிவிடுவது. சாயம் தானாக ஓடி வரும், உப்பு வேண்டாம். ஆனால் ஓடிவருகிற வேகத்தில் திட்டுத்திட்டாகப் பிடிக்கும் அபாயம் உண்டு, கூடுதல் ரசாயனமும் செலவும் உண்டு. தண்ணீரே இல்லாமல் கரியமில வாயுவில் சாயமேற்றும் தொழில்நுட்பத்தைப் பற்றிக் கண்காட்சிகளில் நிறையப் பேசுகிறார்கள். அது பாலியஸ்டருக்கானது. பருத்தி ஊருக்கு அதைத் தீர்வாகக் காட்டுவது, ஆட்டுக்கு வைத்தியம் கேட்டவனுக்கு மீன் மருந்து கொடுப்பது.

இவை எல்லாவற்றையும்விட அதிக உப்பை மிச்சம் பிடிக்கக்கூடியது ஒன்று உண்டு. முதல் தடவையிலேயே ஷேடு சரியாக வருவது. உறவில் மாமா ஒருவர் பல வருஷம் டையிங் மாஸ்டராக இருந்தவர். லேப் டிப்பில் வந்த நிறம் பெரிய மெஷினில் வராமல் போவதைப் பற்றி அவரிடம் பேசும்போது, எங்கள் ஆட்கள் சொல்லும் ‘என் கம்ப்யூட்டர்ல ஓடுதே’ என்ற பேச்சைச் சொன்னேன். சிரித்துவிட்டு, “உனக்குத் திரும்ப ஓட்டுனா கரண்டுதான் போகும் மாப்ள. எங்களுக்கு மறுபடியும் உப்பு, மறுபடியும் தண்ணி” என்றார். ஷேடு தவறினால் திருத்தச் சாயம், அல்லது உரித்து எடுத்து முதலிலிருந்து. மேலே போட்ட பெருக்கலை அப்படியே இன்னொரு தடவை போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ஷேடை யார் தீர்மானிக்கிறார்கள்? ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ உட்கார்ந்திருக்கும் ஒரு பிராண்டின் வண்ணக் குழு. கண்ணுக்கே பிடிபடாத அளவு நிற வித்தியாசத்தைக் கருவியில் அளந்து, ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்கிறார்கள். அதே பிராண்டின் ஆண்டறிக்கையில் ‘எங்கள் ஆடைகள் சொட்டுக்கழிவும் இல்லாத ஆலைகளில் தயாராகின்றன’ என்று பச்சை இலை போட்டு அச்சாகும். சுத்திகரிப்புச் செலவோ கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று ஜாப் வொர்க் பட்டறைக்காரர் தலையில். ஷேடு அவர்களுடையது, உப்பு நம்முடையது. கோவையில் ஐ.டி. கம்பெனிகள் விழாவுக்கு விழா கொடுக்கும் டீ-ஷர்ட்டுகளையும் இந்தக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். நான் பார்த்தவரை பத்துக்கு ஏழு கறுப்பு அல்லது அடர்நீலம். இருப்பதிலேயே அதிக உப்பு கேட்கும் நிறங்கள்.

தொழில்தரப்பில் ஒரு நியாயமான பதில் வரும்: ‘மார்க்கெட் கேக்குற கலரைத்தானுங்க குடுக்க முடியும்.’ சரிதான். ஆனால் மார்க்கெட் அந்தக் கலரின் முழு விலையை இதுவரை பார்த்ததே இல்லை. ஒரு ஆர்டர் தாளில் துணியின் எடை, ஷேடு எண், ஜி.எஸ்.எம்., சுருக்க அளவு எல்லாம் இருக்கின்றன. கிலோவுக்கு எவ்வளவு உப்பு என்ற கட்டம் இல்லை. அந்த ஒரு கட்டத்தைச் சேர்க்கப் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம். பட்டறை வாசலில் இறங்கும் உப்பு மூட்டைகளை எண்ணி, வெளியே போன துணியின் எடையால் வகுத்தால் போதும். கழிவுநீர் மீட்டரில் கைவைக்கலாம். காசு கொடுத்து வாங்கிய உப்பின் பில்லை அவ்வளவு சுலபமாக மறைக்க முடியாது.

நொய்யலில் இன்று சாயத்தின் நிறம் பழையபடி ஓடுவதில்லை. நகரங்களின் சாக்கடை ஓடுகிறது, அது வேறு வழக்கு. கரையோர மண்ணில் ஏறிய சோடியத்தை இறக்க ஜிப்சம் போட வேண்டும், பிறகு நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். அந்த நல்ல தண்ணீரைத் தர வேண்டிய ஆறுதான் இந்த நிலையில் இருக்கிறது. எனவே அடுத்த முறை யாராவது ‘ஜீரோ’ என்று சொன்னால் எத்தனை லிட்டர் என்று கேட்க வேண்டாம். எத்தனை கிலோ, எந்த ஷெட்டில் என்று கேட்கலாம்.