அழுகிறவனுக்கும் எட்டும் சுருதி

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத் தலைவர் ஐயா மூன்று முறை ஆள் அனுப்பிவிட்டார். நான் பாடுகிறவன், எழுதுகிறவன் அல்ல. ஆனாலும் தங்கவயல் கோரமண்டலில் அடக்கத்துக்கும் ஈஸ்டர் அதிகாலைக்கும் கீர்த்தனை எடுத்துக் கொடுத்த பெரியவர்கள் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருக்கையில் மறுக்க மனம் வரவில்லை.

கீர்த்தனை பாடும் வழிகளைப் பற்றி உறுப்பினர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வழி முதலாவது. இளவரசர் சரபோஜியோடு மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் பாடம் கேட்டவரின் ராகமும் தாளமும் இன்றைக்கும் நம் முதுகெலும்பு. தரங்கம்பாடி லுத்தரன்களின் ஞானப்பாட்டு, நெல்லை கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய மனோகரம், கத்தோலிக்கச் சகோதரர்களின் பாஸ்கு, புலம்பல் என்று மற்றவையும் உண்டு. வடஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கமிருந்து சுரங்கத்துக்கு வந்தவர்கள் நாம். லைன் வீட்டில் ஒரு சுவருக்கு அப்பால் எந்த வழியும் காதில் விழும். கலந்ததில் குறை ஒன்றுமில்லை.

எங்கள் பாட்டு வாத்தியார் தஞ்சை வழி. ஷிப்ட் முடிந்து கூண்டில் மேலே வந்து, குளித்துவிட்டு ஆர்மோனியத்தின் முன் உட்காருவார். அவர் போட்ட அளவுகோல் ஒன்றுதான்: அழுகிறவனுக்கு எட்டாத சுருதியில் உயிர்த்தெழுதலைப் பாடாதே. அடக்கத்தில் முதல் சரணத்தைக் கீழ் ஸ்தாயியில், விளம்பத்தில் எடுப்பார். தாலியறுத்தவளும் முணுமுணுக்கும் இடத்திலிருந்து தொடங்கி மூன்றாம் சரணத்தில்தான் மேலே ஏறுவார்.

அதற்கு அவர் வேதத்திலிருந்தே நியாயம் காட்டுவார். மாற்குவின் பழைய பிரதிகள் கல்லறைக்குப் போன பெண்கள் பயந்து ஓடிய இடத்திலேயே முடிந்துவிடுகின்றன. யோவானில் மரியாள் அழுதுகொண்டே நிற்கிறாள், எதிரே நிற்பவரைத் தோட்டக்காரன் என்று நினைக்கிறாள். லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் ஆண்டவர் அழுதார். நம்பிக்கை இல்லாதவர்களைப் போலத் துக்கப்படாதிருங்கள் என்றுதான் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். துக்கமே கூடாது என்று எழுதவில்லை. பயமும் கண்ணீரும் கடந்து வரும் வழியில்தான் விசுவாசம் இருக்கிறது, சுற்றுவழி கிடையாது என்பார் வாத்தியார்.

இது தங்கவயலில் புத்தகப் பேச்சு அல்ல. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அது ஓடிய நாளில் பாறை வெடித்தால் மேலே வீட்டுப் பாத்திரம் குலுங்கும். நேரம் தப்பிச் சங்கு ஊதினால் பெண்கள் ஷாப்டு வாசலுக்கு ஓடுவார்கள். கல் என்றால் நமக்கு மேலிருந்து விழுவது. கல்லறை வாசலில் அது புரட்டித் தள்ளப்பட்டிருந்தது என்று ஈஸ்டர் விடியலில், சுரங்கக் கழிவான சயனைடு மேட்டுக்குப் பின்னால் வெளுக்கும்போது பாடுகிறவனுக்குத் தொண்டை அடைப்பது வேறு ஊர்க்காரனுக்குப் புரியாது. 1732-ல் ஹெர்ன்ஹூட் ஊர் மொராவிய சபையார் கல்லறைத் தோட்டத்தில் விடியலில் பாடினார்களாமே, அவர்களுக்குக் கொஞ்சம் புரிந்திருக்கும்.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். அதன்பின் பிள்ளைகள் விடியுமுன் பெங்களூர் ரயிலேறுகிறார்கள்; ஒத்திகைக்கு ஆள் சேர்வதில்லை. அது அவர்கள் குற்றமில்லை. இன்றைய தம்பிகளின் பக்தியிலும் எனக்குச் சந்தேகமில்லை, யாரையும் மனதில் வைத்து எழுதவுமில்லை. ஆனால் கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் தாளம் ஓடுகிறது, இன்னொன்றை அழுத்தினால் சுருதி ஏறுகிறது. பிணம் வீட்டில் கிடக்கும்போதே கல்யாண வேகத்தில் கைதட்டல். பல்லவி, ஒரு சரணம், திரும்பப் பல்லவி நாலு தரம், அவ்வளவுதான். நடுச் சரணங்களில்தான் பயம் இருக்கிறது, அழுகை இருக்கிறது. அவற்றை விட்டால் எதை ஜெயித்ததாகப் பாடுகிறோம்? இன்று சரணத்தை விடுகிறவன் நாளை பெரிய வெள்ளியையே விடுவான். ராகத்தின் பெயர் கேட்டால் செல்போனைப் பார்க்கிறான். ஸ்பீக்கர் பெட்டி வாடகைக்கு இருக்கும் பணம் ஆர்மோனியத்தின் துருத்தியைத் தைக்க இல்லை. எட்டு வருஷமாகச் செயற்குழுவில் சொல்லி வருகிறேன், குறிப்பேட்டில் பதிவாகியிருக்கும்.

வாத்தியாரை அடக்கம் செய்த அன்றும் அதே கதைதான். அவருக்குப் பிடித்த கீர்த்தனையை நாங்கள் நாலு பேர் கீழ் ஸ்தாயியில் எடுத்தோம். இரண்டாம் சரணம் முடியுமுன் ஸ்பீக்கர் பெட்டியில் வேறு பாட்டு வேகமாய்க் கிளம்பிவிட்டது. நாங்கள் நிறுத்திக்கொண்டோம். குழியருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்த வாத்தியார் வீட்டு அம்மா மட்டும் வாய் அசைத்தபடி, தொடையில் எங்கள் தாளத்தையே தட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் சரணம் முடிகிற வரைக்கும் தட்டினார்கள்.